வாயை மட்டும் குடிக்க விடு

இந்த வாரமும் அந்தப் படம் வந்துவிட்டது. காவல் நிலைய மேசை, அதன்மேல் வரிசையாக அரிவாள்கள், பின்னால் துணியால் முகம் மூடிய இளைஞர்கள், 'பயங்கர ஆயுதங்கள் பறிமுதல்' என்று தலைப்பு. பேப்பரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஓரத்தில் கிடந்தது கருக்கு வெட்டிய கதிர் அரிவாள். அதை அடுத்து இளநீர் சீவுகிற அரிவாள். இரண்டும் வயலிலும் தோப்பிலும் இருக்க வேண்டியவை. பத்திரிகைக்காரருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் அரிவாள் வழக்கு புதிதல்ல. மதுரையிலிருந்து இராமேசுவரம் போகும் சாலையில் இருக்கும் திருப்பாச்சேத்தியை, 2005-இல் வந்த 'திருப்பாச்சி' படத்துக்குப் பிறகு, ஊரென்று நினைப்பவர்களைவிட வெட்டுக்குத்தென்று நினைப்பவர்களே அதிகம். கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாக ஆளுயர அரிவாள் அடிப்பதும், விறகுக்கும் கறிக்கடைக்கும் தென்னந்தோப்புக்கும் அடிப்பதும் அந்த ஊர்க் கொல்லர்களின் பிழைப்பு. 2021 செப்டம்பரில் அடுத்தடுத்துக் கொலைகள் நடந்தபோது, வாங்குபவரின் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாம் குறித்து வைக்க வேண்டும், கேமரா மாட்ட வேண்டும் என்று காவல்துறை பட்டறைகளுக்குச் சொன்னது. விசாரணைக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்த பொருள்களை ஆயுதக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. களைக்கொத்திக்குப் பிடி போட வந்த கிழவியிடம் போன் நம்பர் கேட்க வேண்டியிருப்பது ஒரு ஆசாரிக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும்!

இதை இன்னும் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் எங்கள் தெருத் தம்பி ஒருவர் துணியில் சுற்றிய கத்தி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். ஓசூரில் வேலை. விடுமுறைக்குக் கொட்டாம்பட்டி வரும்போதெல்லாம் வீட்டுக் கொல்லையில் கத்தி செய்கிறார். விற்க அல்ல, ஆசைக்கு. "சித்தப்பா, வெங்காயம் நறுக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

ஒரு சாண் நீளக் காய்கறிக் கத்தி. நான்குவழிச் சாலை ஓரத்தில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுகிறார்களே, அங்கே ஒடிந்து கிடந்த பட்டையை எடைக்கு வாங்கி, அறுத்து, அரத்தால் ராவி எடுத்திருக்கிறார். பிடி புளியங்கட்டை. முதுகு கனமாக ஆரம்பித்து நுனிக்குப் போகப்போக மெலிகிறது. பக்கவாட்டில் அரம் ஓடிய கீறல்கள் ஒரே திசையில், ஒரே சாய்வில் இருந்தன. அவசரப்படாத கை அது. வெங்காயம் கண்ணில் நீர் வருமுன் நறுங்கிவிட்டது.

ஆனால் அவர் முதலில் செய்த கத்திகள் இப்படி இல்லையாம். ஒன்று மழுங்கியது, இன்னொன்று வாயில் பொரிந்தது. லாரிப் பட்டை நல்ல எஃகு, நூற்றுக்கு 0.6 பங்கு அளவுக்குக் கார்பன் இருக்கும். பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கண்ணாடி மாதிரி இறுகும், அப்படியே விட்டால் நொறுங்கும். மறுபடி இளஞ்சூடு காட்டி அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். அமெரிக்கர்களின் வீடியோக்களைப் பார்த்து, காந்தம் ஒட்டாமல் போகும் சூடு, எண்ணெய்க் குளியல், அடுப்பில் 200 டிகிரி என்று எல்லாம் செய்து பார்த்தும் கைக்கு வரவில்லை. கடைசியில் பக்கத்தில் இன்னும் உலை மூட்டுகிற ஒரு பெரியவரிடம் போயிருக்கிறார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பட்டறைக்குள் ஏன் இத்தனை இருட்டு என்று கேட்பவர்கள் உண்டு. இரும்பின் நிறம் தெரிய வேண்டும், அதற்குத்தான். வெயிலில் வைத்தால் சிவப்பெல்லாம் ஒரே சிவப்பாகிவிடும். பெரியவர் கத்தியைக் குறட்டில் பிடித்துக் கரிக்குள் புரட்டினார். செம்மை ஏறி ஆரஞ்சுக்குத் திரும்பும் நேரத்தில் வெளியே எடுத்தார். "முழுசா முக்காதப்பா, விரிசல் விட்டுரும். வாயை மட்டும் குடிக்க விடு" என்று வெட்டும் விளிம்பை மட்டும் தொட்டித் தண்ணீரில் நனைத்தார். முதுகில் நெருப்பு அப்படியே இருக்கிறது. உடைந்த சாணைக்கல்லால் வாயோரம் நாலு தேய் தேய்த்து வெளுப்பாக்கினார். பிறகு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

முதுகின் சூடு மெல்ல வாய்க்கு இறங்க, வெளுத்த இடத்தில் வைக்கோல் நிறம் வந்தது. அதன் பின்னால் பழுப்பு, அதற்கும் பின்னால் ஊதா. வைக்கோல் நிறம் விளிம்பைத் தொட்ட கணத்தில் மொத்தக் கத்தியும் தண்ணீருக்குள் போனது. "அருவாளா இருந்தா இன்னும் விடலாம், நீலம் வரட்டும். கட்டைல அடி வாங்கணும்ல? இது வெங்காயம் நறுக்குறது, இது போதும்." முதுகின் மிச்சச் சூட்டையே இரண்டாம் அடுப்பாக்கிவிட்டார். தெர்மாமீட்டர் காட்டும் 230 டிகிரியை அவர் கண் காட்டுகிறது.

அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பிரியமான புத்தகம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஷாரதா ஸ்ரீநிவாசனும் எஸ். ரங்கநாதனும் நம் உருக்கைப் பற்றி எழுதி 2004-இல் பெங்களூரில் வெளிவந்தது. தென்னிந்திய உருக்கை ஐரோப்பா எப்படி மாய்ந்து மாய்ந்து ஆராய்ந்தது என்ற கதையை அதில் எத்தனை முறை வாசித்தாலும் சலிக்காது. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பிறகு மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்துக்குப் போகுமுன், நம் உருக்கின் மர்மம் தேடி உலையருகே நின்றார். அவர் கொல்லரின் மகன். அவருடன் நின்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட் கத்தி செய்து விற்பவர். அந்த உருக்கில் எழும் அலைக்கோலத்தை நம் காலத்தில் மறுபடி வரவழைத்தவர்களும் இருவர்: அயோவா பேராசிரியர் வெர்ஹோவன், ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்த அல் பென்ட்ரே. தாதுவில் துளியளவு கலந்திருந்த வனேடியம்தான் சூட்சுமம் என்று 1998-இல் எழுதினார்கள். பேராசிரியரின் நுண்ணோக்கியும் லாடக்காரரின் சம்மட்டியும் சேர்ந்ததால் கிடைத்த விடை அது. தனித்தனியே இருவருக்கும் கிடைத்திருக்காது.

சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபோது நாமெல்லாம் நெஞ்சு நிமிர்த்தினோம். நிமிர்த்த வேண்டியதுதான். ஆனால் அந்த நீண்ட கதையின் இன்றைய ஆள், நிறம் பார்த்துச் சூடு சொல்பவர், நம் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கரி விலையும் கூலியும் அப்படி. ஆகவே கையில் கொஞ்சம் காசும் விடுமுறையும் உள்ள, கத்தி செய்ய ஆசைப்படுகிற இளைஞர்கள்தான் இப்போதைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி. எங்கள் தம்பி அந்தப் பெரியவர் சொல்வதை நோட்டில் எழுதுகிறார், ஒவ்வொரு நிறத்தையும் கைபேசியில் படம் எடுக்கிறார். இதைவிட நல்ல பொழுதுபோக்கு இந்த வட்டாரத்தில் யாருக்கும் வாய்த்ததாக நான் அறியேன்.

ஆசைப்படுகிறவர்கள் காலையிலேயே பட்டறைக்குப் போங்கள், வெயில் ஏறினால் உலை அணைந்துவிடும். பருத்திச் சட்டை போடுங்கள், பொறி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். காலுக்கு மூடிய ஷூ வேண்டும். இரும்பை நீங்களே கொண்டுபோங்கள், கரிக்குத் தனியாகக் காசு கொடுங்கள், கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு ஒரு நாள் கூலியை முதலிலேயே வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுங்கள்.