சில்லுக்கு நிரல் எழுதப் பயிலுதல்: செயற்கை நுண்ணறிவின் துணை எம்மட்டு?

மும்பை மாநகரின் மாதுங்கா பகுதியில் வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகம் அமைந்துள்ளது. 1887-ஆம் ஆண்டில் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் என்னும் பெயரில் தொடங்கப்பெற்று, 1923-இல் மாதுங்காவுக்கு இடம் மாறிய பழமையான நிறுவனம் அது. அங்குள்ள மாணாக்கர்களின் ரோபாட்டிக்ஸ் சங்கம், இளைய மாணாக்கர்களுக்கென ‘வால்-ஈ’ என்ற பயிற்சி முகாமை நடத்தி வருகின்றது. இம்முகாமில் பயில்வோர் இரு சக்கரங்களை மட்டுமே உடைய ஒரு சிறு வண்டி கீழே சாயாமல் நிமிர்ந்து நிற்குமாறு அதன் சில்லுக்கு நிரல் எழுதுகின்றனர்.

விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்திச் சிறுவர் விளையாடுவதை யாவரும் கண்டிருப்பர். அது எப்பக்கம் சாய்கின்றதோ அப்பக்கமே கையும் நகர வேண்டும். சற்றுப் பிந்தினால் விழுந்துவிடும். வண்டியின் தத்துவமும் இதுவே. சாய்வை அறிவதற்கு எம்.பி.யு. 6050 என்னும் உணர்வி உதவுகின்றது. இதனுள் முடுக்கமானி ஒன்றும் கைரோ எனப்படும் சுழற்சி உணர்வி ஒன்றும் அடங்கியுள்ளன. முடுக்கமானியின் அளவு மோட்டாரின் அதிர்வினால் நிலையின்றித் துடிக்கும். கைரோவின் கணக்கோ சிறுகச் சிறுக வழுவிச் செல்லும். இரண்டையும் தக்க விகிதத்தில் கலந்தே மெய்யான சாய்வைப் பெற வேண்டும். பின்னர் இ.எஸ்.பி. 32 என்னும் சில்லு மூன்று எண்களைக் கொண்டு மோட்டாரின் வேகத்தைக் கணிக்கின்றது. முதல் எண் இப்போதுள்ள சாய்வுக்கும், இரண்டாவது இதுவரை சேர்ந்துள்ள பிழைக்கும், மூன்றாவது சாய்வு மாறும் விரைவுக்கும் உரியவை.

இத்தகைய நிரலை எழுதித் தரும் சாதனங்கள் அண்மையில் தோன்றியுள்ளன. கிட்ஹப் கோபைலட் 2021-இல் முன்னோட்டமாகவும், சாட்ஜிபிடி 2022 நவம்பரிலும் வெளிவந்தன. ‘இரு சக்கர வண்டியை நிமிர்த்தி வைக்க நிரல் வேண்டும்’ என்று கேட்டால், மேலே கூறிய சூத்திரம் அனைத்தையும் உள்ளடக்கிய நிரல் ஒரு நிமிஷத்திற்குள் வந்து சேரும். சூத்திரத்தில் பெரும்பாலும் பிழை இராது. ஆயினும் வண்டி விழுந்துவிடும். ஏனெனில் அம்மூன்று எண்களும் வண்டியின் எடை, பாட்டரி வைக்கப்பட்டுள்ள உயரம், மோட்டாரின் வலு, சக்கரத்தின் பிடிப்பு ஆகியவற்றைப் பொறுத்தவை. மேசைமீதுள்ள அந்த வண்டியை அச்சாதனம் கண்டதில்லை. மாணாக்கன் முதல் எண்ணைச் சிறிது சிறிதாக ஏற்றி, வண்டி முன்னும் பின்னும் ஊசலாடத் தொடங்கும்போது நிறுத்தி, மூன்றாவது எண்ணால் அவ்வூசலைத் தணித்து, பல முறை விழவிட்டுப் பார்த்தே சரியான அளவை அடைகின்றான். சில்லுக்கு நிரல் எழுதும் கல்வியின் சாரம் இம்முயற்சியிலேயே உள்ளது. சூத்திரத்தைத் தாளில் எழுதுவதில் அன்று.

அலுவலகக் கணக்குக்கோ கடிதத்துக்கோ எழுதப்படும் நிரல் கணினியின் உள்ளேயே தொடங்கி அங்கேயே முடிகின்றது. சில்லின் நிரல் அத்தன்மையதன்று. அதன் ஒரு முனை கம்பியிலும் மின்னழுத்தத்திலும் வெப்பத்திலும் தூசியிலும் சென்று முடிகின்றது. நிரல் இலக்கணப்படி சரியாக இருந்தும் சாதனம் கெட்டுப்போவது இங்குதான் நிகழும்.

உதாரணமாக, தொலைவை அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர். 04 என்ற மலிவான உணர்வியை எடுத்துக்கொள்வோம். இது 5 வோல்ட்டில் இயங்கி, தன் விடையையும் 5 வோல்ட் அளவிலேயே அனுப்புகின்றது. ஆர்டுயினோ உனோ பலகைக்கு அது பொருந்தும். இ.எஸ்.பி. 32 சில்லோ 3.3 வோல்ட்டுக்கு உரியது. இரண்டையும் நேரே இணைத்தால் நிரல் ஓடும், அளவும் வரும், சில்லின் கால் மட்டும் தன் வரம்புக்கு மீறிய அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஒரு கிலோஓமும் இரண்டு கிலோஓமும் உள்ள இரு மின்தடைகளைக் கொண்டு அழுத்தத்தைப் பங்கிட்டால் 5 வோல்ட் ஏறத்தாழ 3.3 ஆகக் குறையும். இத்தடைகள் நிரலில் எவ்விடத்திலும் தோன்றுவதில்லை. எந்தப் பலகை என்று கூறாமல் நிரலை மட்டும் கேட்ட மாணாக்கனுக்கு அவற்றைப் பற்றிய எச்சரிக்கை கிடைக்குமென்ற உறுதி இல்லை.

மற்றொரு வகைப் பிழை இன்னும் மறைவானது. உனோ பலகையில் ‘இன்ட்’ எனப்படும் எண்வகை 32,767 வரையே கொள்ளும். மில்லிவினாடியில் காலத்தைக் கணக்கிடும் நிரலில் அவ்வகையைப் பயன்படுத்தினால், 32 வினாடி வரை எல்லாம் ஒழுங்காக நடந்து, அதன்பின் கணக்கு குழம்பும். அதே நிரல் இ.எஸ்.பி. 32-இல் குழம்பாது, அங்கு அவ்வெண்வகை பெரியது. வகுப்பில் அரை நிமிஷம் ஓட்டிக் காட்டி மதிப்பெண் பெற்ற நிரல் இவ்வாறு பிழையுடையதாக இருக்கக்கூடும். களப் பணியாளர்களுக்கு இதனினும் முக்கியமான ஓர் எல்லை உண்டு. உரிய பெரிய எண்வகையைப் பயன்படுத்தினாலும், ஆர்டுயினோவின் காலக் கணக்கு சுமார் 49 நாள் 17 மணிக்கு ஒருமுறை மீண்டும் பூஜ்யத்திற்குத் திரும்புகின்றது. கடந்த காலத்தைக் கழித்துப் பார்க்கும் முறையில் எழுதிய நிரலுக்கு இதனால் தீங்கில்லை. ‘இன்ன நேரம் வந்துவிட்டதா’ என்று நேராக ஒப்பிடும் நிரலோ அன்று தவறும். செயற்கை நுண்ணறிவு இரு வடிவிலும் விடை தருவதுண்டு. வயலில் பம்பு செட்டோடு கருவியைப் பொருத்திவிட்டு ஊர் திரும்பிய பணியாளர், ஏழு வாரம் கழித்து அது ஏன் நின்றது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

இச்சாதனங்களின் அறிவு, பிறர் எழுதி வைத்தவற்றிலிருந்து திரட்டப்பட்டது. ஆகவே எழுத்து மிகுந்த இடத்தில் அவை தேர்ச்சி பெற்றும், குறைந்த இடத்தில் தடுமாறியும் காணப்படுகின்றன. இ.எஸ்.பி. 32-க்கான ஆர்டுயினோ மென்பொருளின் மூன்றாம் பதிப்பு 2024-இல் வெளிவந்தபோது, விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்க உதவும் சில பழைய கட்டளைகள் நீக்கப்பட்டன. பழைய எழுத்துக்களைப் பயின்ற சாதனம் நீக்கப்பட்ட கட்டளையையே தரக்கூடும். நிரல் ஏற்கப்படாமல் திரும்பும். இது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடுகின்றது. சி-டாக் நிறுவனம் உள்நாட்டில் உருவாக்கிய வேகா வரிசைச் சில்லைக் கொண்ட ஏரீஸ் பலகையைப் பற்றி, உனோவைப் பற்றி உள்ள அளவு எழுத்து இல்லை. ஆதலின் ஏரீஸைப் பற்றிக் கேட்டால் உனோவின் வழக்கங்கள் விடையில் கலந்துவிட இடமுண்டு. நம் நாட்டுப் பலகைகளைப் பள்ளிகளில் பரப்ப விரும்புவோர், அவற்றின் கையேடுகளை விரிவாகவும் இந்திய மொழிகளிலும் வெளியிடுவது இக்காரணத்தாலும் அவசியமாகின்றது.

மும்பையில் இத்துறைக்கு நீண்ட பரம்பரை உண்டு. செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள் அப்ஸரா அணு உலை இயங்கத் தொடங்கியபோது, அதன் கட்டுப்பாட்டுக் கருவிகளை ஏ. எஸ். ராவ் தலைமையில் இந்திய எஞ்சினீயர்களே அமைத்திருந்தனர். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நரசிம்மன் குழுவினர் கட்டிய டிஃப்ராக் கணினி 1960-இல் பணிக்கு வந்தது. அதன் நினைவகம் 40 பிட்டுகள் கொண்ட 2,048 சொற்கள். இன்றைய அளவில் 10 கிலோபைட். சில நூறு ரூபாய்க்கு லாமிங்டன் ரோடு கடைகளில் கிடைக்கும் இ.எஸ்.பி. 32-இன் நினைவகம் 520 கிலோபைட். அதாவது ஐம்பது மடங்குக்கும் அதிகம். டிஃப்ராக்கைக் கட்டியவர்கள் அதன் சுற்றுக்களை ஒவ்வொன்றாகத் தாமே அமைத்துச் சோதித்திருந்தனர். ஐம்பது மடங்கைக் கையில் பெற்ற மாணாக்கன் ஒரு கம்பியையும் அறியாமல் நிரலை ஏற்றிவிட இன்று முடிகின்றது. பழைய கஷ்டத்தை மீண்டும் சுமத்துவது நோக்கமன்று. ஆனால் அக்கஷ்டத்தோடு கூடவே வந்த அறிவை இனி வேறு வழியில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இந்நிலையில், பயிற்சி வகுப்புக்களில் செயற்கை நுண்ணறிவை அறவே விலக்க வேண்டுமென்று சில ஆசிரியர் கருதுகின்றனர். அவர்களது கவலை நியாயமானதே. எனினும் விலக்கினால் நஷ்டமடைவோர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகின்றது. அத்தகைய பள்ளியில் பயின்ற ஒரு பெண், சில்லைப் பற்றிய நூற்றுக்கணக்கான பக்கங்களுள்ள ஆங்கிலக் குறிப்பேட்டைக் கண்டு மலைப்பது இயல்பு. வீட்டில் கேட்டறிய எஞ்சினீயர் எவரும் இல்லை. கைபேசி மட்டும் உண்டு. ‘இக்காலை ஏன் உள்ளீட்டுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறார்கள்?’ என்று அவள் தமிழில் கேட்கவும், புரியாவிடில் மீண்டும் கேட்கவும், நான்காம் முறை கேட்கும்போதும் சலிப்பில்லாத விடையைப் பெறவும் இன்று வழியுண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி ஆசிரியர் அளிக்கும் உதவியில் ஒரு பகுதி இது. இதனைத் தடுப்பது நீதியாகாது.

மொழிபெயர்ப்பில் ஓர் எச்சரிக்கை உண்டு. தமிழில் ‘குறுக்கீடு’ என்னும் ஒரே சொல், ஓடும் நிரலை இடைமறிக்கும் அழைப்பையும், அலைகள் ஒன்றன்மீதொன்று படிவதையும் குறிக்க வழங்கி வருகின்றது. முன்னது நிரலாளர் வேண்டுமென்றே அமைப்பது. பின்னது பல வேளைகளில் வேண்டாமலே வந்து அளவைக் கெடுப்பது. ‘கிரவுண்டு’ என்பதை ‘தரை’ என்று மட்டும் எழுதினால், பாட்டரியின் எதிர்முனையோடு இணைக்க வேண்டிய கம்பி என்பது புதிதாகப் பயில்வோருக்கு விளங்காது. கலைச்சொல்லுடன் பலகையில் அச்சிடப்பட்டுள்ள எழுத்தையும் சேர்த்துக் கூறும்படி சாதனத்தைக் கேட்பதே நலம். இவ்விஷயத்தில் மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் நல்ல முன்மாதிரி. அதன் சிறு ஒலி-ஒளிப் பாடங்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளிவருகின்றன. பயில்வோர் கேட்டுக்கொண்டே தம் கையால் செய்து பார்க்குமாறு அவை அமைக்கப்பட்டுள்ளன.

தாராவியின் அனுபவம் மற்றொன்றும் இங்கு நினைவுகூரத்தக்கது. திரைப்படக் கலைஞர் நவ்நீத் ரஞ்சன் தொடங்கிய ‘தாராவி டைரி’ முயற்சியில் சேர்ந்த சிறுமியர், எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர் என்ற சாதனத்தின் உதவியால் கைபேசிச் செயலிகளை அமைத்தனர். பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் வரிசையை ஒழுங்கு செய்வதற்காக ‘பானி’ என்னும் செயலி அவற்றுள் ஒன்று. ஆப் இன்வென்டரும் ஒரு துணையே; கட்டளைகளை எழுதும் உழைப்பை நீக்கி, வண்ணத் துண்டுகளைப் பொருத்தும் வேலையாக அது மாற்றிவிடுகின்றது. துணை பெற்றதனால் அச்சிறுமியரின் வேலை மதிப்பிழக்கவில்லை. குழாயடியில் நிற்பது எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். செயலி பயன்படுகின்றதா இல்லையா என்பதைக் குழாயடிக்கே சென்று பார்த்துக்கொள்ளவும் அவர்களால் முடியும்.

சில்லுப் பயிற்சியிலும் குழாயடிக்கு ஈடாக ஓரிடம் வேண்டும். அது மேசைமீதுள்ள மல்டிமீட்டர். பல பயிற்சிக் கூடங்களுக்குப் பலகைகளும் உணர்விகளும் வாங்குவதில் காட்டப்படும் ஊக்கம் மீட்டர் வாங்குவதில் காட்டப்படுவதில்லை. 2025-26 மத்திய வரவு செலவுத் திட்டத்தில், ஐந்தாண்டுகளில் சர்க்கார் பள்ளிகளில் 50,000 அடல் டிங்கரிங் கூடங்கள் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. இக்கூடங்களில் ‘எத்தனை நிரல்கள் ஓடின’ என்பதே அளவுகோலானால், அக்கணக்கைக் கைபேசியே நிறைவு செய்துவிடும். பயின்றோர் எவர் என்பது தெரியாது.

முதல் சில வாரங்களில் விளக்கை எரித்தல், சுவிட்சைப் படித்தல் போன்ற பாடங்களைத் துணையின்றியே கற்பிக்கலாம். அதன்பின் துணையைத் தாராளமாக அனுமதிக்கலாம். ஆனால் கேட்குமுன் மாணாக்கர் நோட்டுப் புத்தகத்தில் ஐந்து செய்திகளை எழுத வேண்டும்: பலகையின் பெயரும் மென்பொருளின் பதிப்பும், எக்கால் எதனோடு இணைக்கப்பட்டுள்ளது, மீட்டர் காட்டிய வோல்ட், என்ன நிகழுமென்று எதிர்பார்த்தார், என்ன நிகழ்ந்தது. இவற்றைச் சேர்த்துக் கேட்டால் விடை திருந்துவதை அவர்களே காண்பர். எழுதும்போதே பிழை இன்னதென்று புலப்பட்டு, கேட்க வேண்டிய அவசியமே இல்லாமற்போவதும் உண்டு.

செய்முறைத் தேர்வையும் மாற்றியமைக்க வேண்டும். நிரலை வீட்டிலேயே எத்துணையுடனும் எழுதிவரட்டும். தேர்வறையில் அது ஓடுவதைக் கண்டபின், மாணாக்கரைச் சற்று வெளியே நிற்கச் செய்து, தேர்வாளர் ஒரு கம்பியை அடுத்த துளைக்கு மாற்றிவிடலாம். அல்லது நிரலில் ஓர் எண்வகையைச் சுருக்கிவிடலாம். பிறகு மாணாக்கர் உள்ளே வந்து, மீட்டர், குறிப்பேடு, தம் நோட்டு ஆகிய மூன்றை மட்டும் கொண்டு இருபது நிமிஷத்தில் பிழையைத் தேட வேண்டும். கண்டுபிடிக்காவிட்டாலும், எவற்றை எவ்வரிசையில் சோதித்தார், ஒவ்வொன்றிலிருந்தும் என்ன அறிந்தார் என்பதற்குப் பாதிக்கு மேல் மதிப்பெண் வழங்கலாம்.