முதல் நாள் சால்வையும் முதல் செமஸ்டர் அரியரும்

எதிர்வீட்டுத் தம்பி கட்டட மேஸ்திரி. மகன் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, போன வருஷம் பொறியியல் சேர்ந்தான். "சார், அறிமுக விழாவாம், பெற்றோரும் வரணுமாம். எனக்கு அங்க ஒண்ணும் புரியாது, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டார். போனேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். பெரும்பாலான இடங்களில் இதே கூத்துதான்.

பத்து மணி விழா பதினொன்றுக்குத் தொடங்கியது. குத்துவிளக்கு, சால்வைகள், நிர்வாகத்தின் பெருமை, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று திரையில் படம். பிறகு ஒருவர் மைக்கைப் பிடித்து "உன்னால் முடியும்" என்று ஒரு மணி நேரம் கத்தினார். கடைசியில் பஸ் ரூட், உடைக் கட்டுப்பாடு, சாப்பாடு. அறிமுகம் முடிந்தது!

திரும்பி வரும்போது பையன் மெதுவாகக் கேட்டான்: "தாத்தா, இன்டர்னல்னா என்ன?"

சொல்ல வேண்டியவர்கள் அத்தனை பேரும் மேடையில் இருந்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

விதி இல்லாமலா? இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளில் மூன்று வார அறிமுகப் பயிற்சி கட்டாயம் என்று ஏ.ஐ.சி.டி.இ. 2017-லேயே சொல்லிவிட்டது. கலைக் கல்லூரிகளுக்கும் சேர்த்து யு.ஜி.சி. 2019-ல் 'தீக்ஷாரம்ப்' என்று வழிகாட்டி வெளியிட்டது. காந்திநகர் ஐ.ஐ.டி.யில் 2011-லிருந்து ஐந்து வாரம் நடத்திக் காட்டியதைப் பார்த்து வந்த யோசனை இது. இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், உடற்பயிற்சி, கலை, ஊரைச் சுற்றிப் பார்த்தல், துறையை அறிதல் என்று நல்ல திட்டம். நம் பக்கம் வந்து சேரும்போது அது ஒரு சால்வையாகச் சுருங்கிவிடுகிறது.

நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் பயிற்சிப் பிரிவு. புது அப்ரண்டிஸ் வந்தால் முதல் நாளே சேஃப்டி ஷூ, கண்ணாடி, அவசரத்துக்கு எந்த சுவிட்சை அழுத்துவது என்று காட்டுவோம். அப்புறம் வைஸும் அரமும். மெஷின் பக்கம் விடுவதற்கே நாளாகும். எங்களுக்குக் கருணை அதிகம் என்பதால் இல்லை. தெரியாதவன் கை வைத்தால் டூல் உடையும், விரல் போகும், நஷ்டம் கம்பெனிக்கு.

கல்லூரியில்? பையன் தோற்றால் நஷ்டம் அவன் அப்பாவுக்கு. மறுபடி எழுதத் தனிக் கட்டணம் வேறு. அங்கே யாருக்கு அவசரம்?

"பதினெட்டு வயசுப் பையனுக்கு இதையெல்லாமா சொல்லணும்? நாம படிக்கலையா?" என்று என் வயது நண்பர்கள் கேட்கலாம். நம் காலத்தில் கல்லூரிக்குப் போனவன் வீட்டிலோ தெருவிலோ முன்னால் போன ஒருவர் இருந்தார். இப்போது வருகிறவர்களில் பலர் குடும்பத்திலேயே முதல் ஆள். பொறியியலில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2021 முதல் 7.5 சதவீத இடஒதுக்கீடு, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நல்ல காரியம். ஆனால் வாசல்வரை கொண்டுவந்து விட்டால் போதுமா? அதிலும் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரியில் திடீரென்று இங்கிலீஷ் பாடத்துக்குள் விழுகிறார்கள்.

அவர்களுக்கு வேண்டியது சின்ன விஷயங்கள்தான். வேகமாகப் போகும் பாடத்தைக் கேட்டுக் குறிப்பு எடுப்பது எப்படி? இன்டர்னல் மதிப்பெண் எதற்கு? நூலகத்தில் புத்தகம் தேடுவது எப்படி? புரியாவிட்டால் எந்த ஆசிரியரை, எந்த நேரத்தில் பார்ப்பது? அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது என்று சொல்ல ஒரு சீனியர். இதற்குப் பெரிய ஹாலும் வேண்டாம், தலைமை விருந்தினரும் வேண்டாம்.

நம்ம பையனுக்கு முதல் செமஸ்டரில் மூன்று அரியர். "வேணாம் தாத்தா, காண்ட்ராக்ட்ல கம்பெனி பஸ் ஏறிடறேன்" என்றான். விடியற்காலை நம் தெருமுனையில் அந்த பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் எத்தனை பேர் கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள் என்று ஒருநாள் நின்று கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை உட்காரவைத்துப் படிக்கச் செய்தேன். இரண்டு பேப்பர் முடித்துவிட்டான், ஒன்று பாக்கி. படிப்பை விடவில்லை.

நண்பர்களே, வரும் ஆண்டு பேரனையோ பேத்தியையோ கல்லூரியில் சேர்க்கப் போனால் ஹாஸ்டலையும் கேன்டீனையும் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். "முதல் மூன்று வாரம் என்ன செய்யப் போகிறீர்கள்? என் பிள்ளைக்குப் பொறுப்பான ஆசிரியர் யார்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். ரிட்டயர் ஆன நமக்கு அதற்கு நேரம் இருக்கிறது.