அமெரிக்க மாஜாங்ல ஒரு ‘பை’ இருக்கு. உங்க ஆப்ல இருக்கா?

போன வீடியோவுல என் பின்னாடி ஷெல்ஃப்ல கலர் கலரா கட்டைகள் இருந்ததைப் பார்த்துட்டு, “அது டோமினோவா சார்?”னு கேட்டிருந்தீங்க. இல்லை, அது மாஜாங். அதுவும் அமெரிக்க மாஜாங். நியூஜெர்சியில இருக்கிற என் பெரியம்மா பொண்ணு டிசம்பர் லீவுக்கு செவ்வாப்பேட்டை வந்தப்போ கொண்டு வந்த செட். திரும்பிப் போகும்போது பெட்டி வெயிட் ஏறிடுச்சுன்னு எங்க வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டாங்க.

ஒரு ஆடிட்டர் இதைப் பத்தி ஏன் எழுதறான்னு நினைப்பீங்க. அந்த ஆட்டத்துல ஒரு சின்ன விதி இருக்கு, அதுக்காகத்தான். ஆனா ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லாம விதியைச் சொன்னா ஒட்டாது.

ரம்மி தெரிஞ்சவங்களுக்கு அடிப்படை சுலபம். ஒரு கட்டை எடு, ஒரு கட்டை போடு. கையில 13, ஜெயிக்க 14. மொத்தம் 152 கட்டைகள். புள்ளி, மூங்கில், சீன எழுத்துன்னு மூணு வகை, ஒவ்வொண்ணுலயும் 36. அதோட திசைக்காற்று 16, டிராகன் 12, பூ 8, ஜோக்கர் 8. (கூட்டிப் பார்த்துட்டுதான் நான் உட்கார்ந்தேன். தொழில் புத்தி.)

சீனாவுல இருந்து 1920-கள்ல அமெரிக்காவுக்குப் போன ஆட்டம் இது. நம்ம நாட்டுலயும் ராணுவ அதிகாரிகளோட குடும்பங்கள்ல மாஜாங் பல வருஷமா ஓடுது, ஆனா அது வேற விதிகள். அமெரிக்க வகைக்கு 1937-ல நியூயார்க்ல நேஷனல் மாஜாங் லீக்னு ஒரு அமைப்பு தொடங்கினாங்க. அவங்க வருஷா வருஷம் ஒரு கார்டு வெளியிடுவாங்க. அந்தக் கார்டுல அச்சடிச்சிருக்கிற அமைப்புல ஒண்ணை நீங்க சேர்த்தாத்தான் ஜெயிப்பு. ரம்மி மாதிரி நம்ம இஷ்டத்துக்கு சீக்வென்ஸ் கட்ட முடியாது.

புதுசா கத்துக்கறவங்களுக்குத் தலைசுத்தறது இந்தக் கார்டுலதான். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ‘சார்ல்ஸ்டன்’னு ஒரு சுத்து உண்டு. வேண்டாத மூணு கட்டையை வலப்பக்கம் தள்ளணும், அப்புறம் எதிர்ல, அப்புறம் இடப்பக்கம். ஜோக்கரை மட்டும் தள்ளக்கூடாது. இந்த நேரத்துக்குள்ள எந்த அமைப்புக்குப் போகப்போறோம்னு ஓரளவு முடிவு பண்ணிடணும். நான் என்ன பண்ணேன்? ரெண்டு அமைப்பையும் விட மனசில்லாம ரெண்டுக்கும் கட்டை வெச்சிருந்தேன். பத்து சுத்து கழிச்சு ரெண்டுமே தேறலை. ஜோக்கரை ஜோடிக்கு வெச்சேன், அதுவும் செல்லாது. மூணோ அதுக்கு மேலயோ ஒரே கட்டை சேர்ற இடத்துலதான் ஜோக்கர் வேலை செய்யும். முதல் நாள் முழுக்க அக்கா “இல்லடா, இல்லடா”ன்னே சொல்லிட்டிருந்தாங்க.

இப்ப விதிக்கு வர்றேன். அக்கா, அம்மா, என் மனைவி, நான், நாலு பேர். ஆரம்பிக்கும்போது அக்கா, “ஆளுக்கு ஒரு பை வெச்சுக்கலாம்”னாங்க. அம்மா எழுந்து உள்ள போய், ஆயாவோட பழைய சுருக்குப்பையை எடுத்துட்டு வந்துட்டாங்க! அக்கா சொன்னது இங்கிலீஷ் பை, தின்கிற பை. அன்னைக்கு மொத்தமா ஒருத்தர் அதிகபட்சம் எவ்வளவு தோக்கலாம்ங்கிற அளவுக்குத்தான் அந்தப் பேர். அங்க சாதாரணமா அஞ்சு டாலர் மாதிரி வெச்சுப்பாங்களாம். அது தீர்ந்துட்டா அதுக்கப்புறம் நீங்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஆனா எழுந்து போகவும் வேண்டாம். தொடர்ந்து ஆடலாம், ஜெயிச்சா வாங்கிக்கவும் செய்யலாம்.

அம்மா புரிஞ்சுக்கிட்டதும் தப்பில்லைன்னு இப்ப தோணுது. சுருக்குப்பைக்கும் அதேதான் விதி, உள்ள இருக்கிறதுக்கு மேல செலவு பண்ண முடியாது.

நாங்க காசு வைக்கலை. ஆளுக்கு 50 புளியங்கொட்டை. கார்டுல 25 சென்ட்னு போட்டிருக்கிற அமைப்புக்கு 5 கொட்டை. ஜெயிச்சவங்களுக்குத் தேவையான கட்டையைப் போட்டவங்க ரெண்டு மடங்கு, 10 கொட்டை கொடுக்கணும். மத்தவங்க 5. ஒரு மணி நேரத்துல என் 50-ம் காலி. அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அம்மா, ஒரு இருபது கொட்டை கடன் குடு, அடுத்த ஆட்டத்துல எடுத்துடுவேன்.”

எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. இதே வாக்கியத்தை ஆறு மாசம் முன்னாடி என் ஆபீஸ்ல ஒரு பையன் சொல்லிக் கேட்டிருக்கேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை, மாசம் 26,000 சம்பளம். ஐடிஆர் போடறதுக்காக வந்தான். ஃபார்ம் 26ஏஎஸ்ல 5,400 ரூபாய் டிடிஎஸ் இருந்துச்சு. ஆன்லைன் ரம்மி. ஒரு ஆப்ல 62,000 போட்டு 80,000 எடுத்திருக்கான். லாபம் 18,000, அதுல 30% பிடிச்சிருக்காங்க. “பரவாயில்லையே சார், லாபம்தானே”ன்னு சிரிச்சான். பேங்க் ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்த்தேன். இன்னொரு ஆப்ல 2,84,000 போட்டு 85,000 எடுத்திருக்கான். ரெண்டையும் சேர்த்தா 1,81,000 நஷ்டம், டிடிஎஸ்ஸோட 1,86,400. ஏழு மாசச் சம்பளத்துக்கும் மேல. நடுவுல ஒரு பர்சனல் லோன் வேற. “அடுத்த மாசம் எடுத்துடலாம்னு நினைச்சேன் சார்” அப்படின்னான். ஜெயிச்ச நாள் எல்லாம் தேதியோட ஞாபகம் இருந்துச்சு. தோத்ததை அவன் ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்த்ததில்லை.

அந்த நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க முடியுமான்னு கேட்டான். முடியாது. 2023 ஏப்ரல்ல இருந்து ஆன்லைன் கேம் ஜெயிப்புக்கு நேரா 30% வரி, மேல செஸ். அடிப்படை விலக்கு வரம்பு அதுக்குப் பொருந்தாது. ஐடிஆர்-1 போடவும் முடியாது, ஐடிஆர்-2 தான். 2023 அக்டோபர்ல இருந்து போட்ட பணத்துக்கே 28% ஜிஎஸ்டி இருந்துச்சு. வரியையும் சேர்த்து 100 ரூபாய் கட்டினா அப்ப அதுல 21.88 ரூபாய் வரியா போச்சு. சில ஆப்கள் அதை போனஸ்னு திருப்பிக் காட்டினதால இவனுக்குத் தெரியவே இல்லை. அதுக்கு மேல ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஆப்போட கமிஷன். ரம்மி திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குன்னு வாதாடினான். சொன்னது உண்மைதான். ஆனா திறமை சீட்டுலதானே இருக்கு? கமிஷன்கிட்ட திறமை காட்ட முடியாது.

“இப்பதான் தடை வந்தாச்சே”ன்னு சொல்வீங்க. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு பண ஆட்டங்களை, திறமையோ அதிர்ஷ்டமோ, ஒட்டுமொத்தமா தடை பண்ணி சட்டம் போட்டுச்சு. அதுக்கு முன்னாடியே தமிழ்நாட்டு விதிகள்ல ராத்திரி 12-ல இருந்து காலை 5 வரைக்கும் ஆடக்கூடாதுன்னு இருந்துச்சு. தினசரி, மாத வரம்பு வெச்சுக்கற வசதி கொடுக்கணும்னும் இருந்துச்சு. ஆனா அந்த வரம்பை வெச்சுக்கறது யாரு? ஆடறவனே. பக்கத்துல “இல்லடா”ன்னு சொல்ல ஒரு அக்கா கிடையாது.

ரம்மி ஆப் போனா என்ன, கை வேற இடம் தேடும். அந்தப் பையன் இப்ப ஆப்ஷன் டிரேடிங் வீடியோ பார்த்துட்டிருக்கான். 2022 நிதியாண்டுல இருந்து 2024 வரைக்கும் எஃப் அண்ட் ஓ பண்ண தனிநபர்கள்ல 93% பேர் நஷ்டம்னு செபி ஆய்வே சொல்லுது. அவன்கிட்ட அதைச் சொன்னேன். “மீதி 7% இருக்காங்களே சார்”ங்கிறான்.

அதனால என் கருத்து இதுதான். ஆடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அரக்கோணம் லோக்கல்ல மடியில துண்டை விரிச்சு சீட்டு ஆடற அண்ணன்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். நாலு பேர் முகம் பார்த்து ஆடற ஆட்டம் நல்ல விஷயம். ஆனா உட்கார்றதுக்கு முன்னாடி பை எவ்வளவுன்னு சொல்லிட்டு உட்காருங்க, அதுவும் இன்னொருத்தர் காதுல விழற மாதிரி. வீக்கெண்ட் செலவோ, டிரேடிங் ஆசையோ, எதுவா இருந்தாலும் சம்பள அக்கவுண்ட்டை அதுல இணைக்காதீங்க. தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட், அதுல மாசம் ஒரு தடவை மட்டும் நீங்க முடிவு பண்ண தொகை, யுபிஐ அதுக்கு மட்டும். தீர்ந்துட்டா அடுத்த மாசம்தான். அந்தப் பையனுக்கு நான் 1,000 ரூபாய் சொன்னேன், அவன் 5,000 கேட்டான். 1,500-ல முடிஞ்சுச்சு. அந்த அக்கவுண்ட் மெசேஜ் அவன் அம்மா போனுக்கும் போற மாதிரி பண்ணச் சொல்லியிருக்கேன். இன்னும் பண்ணலை.

இன்னொண்ணு, இதைப் படிச்சுட்டு மாஜாங் செட் ஆர்டர் பண்ணிடாதீங்க. இன்ஸ்டால அழகாத்தான் இருக்கும். நாலு நாள் ஆடறதுக்கு அவ்வளவு விலை தண்டம். ஒரு சீட்டுக்கட்டும் அரைப்படி புளியங்கொட்டையும் போதும்.

கடன் கேட்ட அன்னைக்கு அம்மா ஒரு கொட்டைகூடக் கொடுக்கலை. “பை காலின்னா காலிதான், சும்மா ஆடு”ன்னுட்டாங்க. சும்மா ஆடினேன். ரெண்டு ஆட்டம் கழிச்சு ஒரு தடவை ஜெயிக்கவும் செஞ்சேன், 20 கொட்டை வந்துச்சு. ஏப்ரல்ல புதுக் கார்டு வந்ததும் தபால்ல அனுப்பறேன்னு அக்கா சொல்லியிருக்காங்க. அம்மாவுக்குத்தான் கோவம். பழைய கார்டை இப்பதான் மனப்பாடம் பண்ணி முடிச்சாங்க.