வெந்நீர் வரைக்கும் சரி

இடுப்பு வலி எடுத்துவிட்டது என்று பெண் சொன்னதும் திண்டிவனம் பக்கத்துப் பாட்டிமார் முதலில் செய்கிற காரியம் அடுப்பில் தண்ணீர் வைப்பதுதான். ஒரு டம்ளர் சீரகக் கஷாயம், பிறகு இடுப்பில் ஊற்றப் பொறுக்கிற சூட்டில் வெந்நீர். பொய்வலியாக இருந்தால் அதிலேயே அடங்கிவிடும். மெய்வலி என்றால் நிற்காது, ஆனால் தாங்க ஒரு தெம்பு வரும். பிரசவத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தப் பாட்டிகளின் பேத்திகள் இன்று கைப்பேசியில் பார்ப்பது வேறு காட்சி. மங்கலான விளக்கு, நீல நிறத் தொட்டி, அதற்குள் ஒரு தாய். தண்ணீருக்குள்ளிருந்து குழந்தையைத் தானே எடுத்து மார்பில் போட்டுக்கொள்கிறாள். அலறல் இல்லை, கத்தி இல்லை, தையல் இல்லை. ஏழாம் மாதச் செக்கப்புக்குப் போகிற பெண்களில் சிலர் இதைப் பற்றிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்கவும் தொடங்கியிருக்கிறார்கள். ‘அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்கு’ என்று பதில் வந்தால் கேள்வி அதோடு முடிவதில்லை. அது யூடியூபுக்குப் போய்விடுகிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகவே பார்த்துவிடுவோம்.

‘வாட்டர் பர்த்’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வெவ்வேறு காரியங்கள் இருக்கின்றன. வலி ஏறி, கருப்பைவாய் திறந்துகொண்டிருக்கிற அந்த நீண்ட நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்திருப்பது ஒன்று. முக்கிப் பெற்றெடுக்கும் கட்டத்திலும் தண்ணீரிலேயே இருந்து, குழந்தை நீருக்குள் பிறப்பது இன்னொன்று. பேசுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஒருவர் அமிர்தம் என்கிறார், இன்னொருவர் விஷம் என்கிறார்.

இந்த முறை பேர் வாங்கியது பிரான்சில். பித்திவியே என்ற சிற்றூரின் அரசு மருத்துவமனையில் மிஷேல் ஓதான் என்ற மருத்துவர் 1970-களில் பிரசவ அறைக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி வைத்தார். குழந்தையை நீரில் பிறக்க வைப்பது அவருடைய நோக்கமல்ல. வலிக்கு மருந்து கேட்கும் பெண்களுக்கு மருந்துக்குப் பதில் வெந்நீர் கொடுத்துப் பார்த்தார், அவ்வளவுதான். இறங்கிய பெண்களில் சிலர் கடைசி நேரத்தில் வெளியே வர மறுத்தார்கள். குழந்தை அங்கேயே பிறந்தது. அப்படிப் பிறந்த நூறு குழந்தைகளைப் பற்றி 1983-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவர் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. தண்ணீரில் பிறப்பது தற்செயலாக வந்து சேர்ந்தது என்பதை ரீல்ஸ் போடுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

முதல் காரியத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2018-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 3,663 பெண்கள் பங்கேற்ற 15 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. வலி நேரத்தில் தண்ணீரில் இருந்தவர்களுக்கு முதுகில் போடும் மரப்பு ஊசி கொஞ்சம் குறைவாகவே தேவைப்பட்டது. தாய்க்கோ சேய்க்கோ கூடுதல் கேடு எதுவும் தெரியவில்லை. காரணமும் சிக்கலானதல்ல. தண்ணீர் வயிற்றின் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது, பெண்ணால் நினைத்தபடி திரும்பி உட்கார முடிகிறது, சூட்டில் தசை இளகுகிறது, பயம் தணிகிறது. அதே தொகுப்பு சொன்ன இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும்: சிசேரியன் விகிதம் இதனால் குறையவில்லை.

நம் மாநிலத்தில் இது முக்கியமான செய்தி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 ஆபரேஷன். தனியார் மருத்துவமனைகளில் அது 64-ஐத் தொடுகிறது. ‘எப்படியாவது சுகப்பிரசவம் ஆகணும்’ என்ற ஏக்கத்தில்தான் பல பெண்கள் தொட்டியைத் தேடுகிறார்கள். ஏக்கம் நியாயமானது. அதற்கு விடை தொட்டிக்குள் இல்லை.

இரண்டாவது காரியத்துக்கு வருவோம். தண்ணீருக்குள் பிறந்தால் குழந்தை மூச்சுத் திணறாதா என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. கருவறையில் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. பிராணவாயு தொப்புள்கொடி வழியாக வருகிறது. பிறந்த பின்னும் கொடி துடித்துக்கொண்டிருக்கும் சில கணங்களுக்கு அந்த வரத்து நிற்காது. முகத்தில் காற்றும் குளிரும் படும்போதுதான் முதல் மூச்சுக்குத் தூண்டுதல் கிடைக்கிறது. ஆகவே நல்ல நிலையில் இருக்கிற குழந்தை, உடல் சூட்டுக்கு ஒத்த நீரிலிருந்து உடனே மேலே எடுக்கப்பட்டால் தண்ணீரை இழுக்காது. ‘நல்ல நிலையில் இருக்கிற’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலியின்போதே பிராணவாயு குறைந்து தவிக்கிற குழந்தை நீருக்குள்ளேயே மூச்சை இழுத்துவிடலாம். குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதை இடைவிடாமல் இதயத்துடிப்பு கேட்டுக்கொண்டிருக்கிற ஆள்தான் சொல்ல முடியும்.

இங்கிலாந்தில் அப்படி ஆள் இருக்கிறது. பயிற்சி பெற்ற மருத்துவச்சி பிரசவம் முடியும்வரை பெண்ணின் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. அந்த நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2015 முதல் 2022 வரை தொட்டியைப் பயன்படுத்திய, சிக்கல் எதுவுமில்லாத 60,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2024-ல் ஓர் அறிக்கை வந்தது. தண்ணீரிலேயே பெற்றவர்களுக்கும், கடைசியில் வெளியே வந்து பெற்றவர்களுக்கும் ஆபத்தில் வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமோ 2016-ல், வலி நேரத்தில் தண்ணீரில் இருக்கலாம், பிரசவம் தண்ணீருக்கு வெளியேதான் நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. இரண்டு நாட்டு வைத்தியர்களும் சண்டை போடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தின் முடிவு அந்த நாட்டு மருத்துவச்சிகளையும் சேர்த்துத்தான் வந்தது. அவர்களைக் கழித்துவிட்டுத் தொட்டியை மட்டும் இறக்குமதி செய்தால் அந்த அறிக்கை நமக்குப் பொருந்தாது.

தொட்டியை இங்கே கொண்டுவந்து வைத்துத்தான் பார்ப்போமே. ஒரு பிரசவத் தொட்டிக்கு ஏறத்தாழ 600 லிட்டர் வேண்டும். நம் பிளாஸ்டிக் குடக் கணக்கில் நாற்பது குடம். சூடு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தாயின் உடல் சூடேறி, குழந்தையின் இதயம் வேகமெடுக்கும். மணிக்கொரு தடவை அளந்து பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வரும்? போரிலிருந்து மாடித் தொட்டிக்கு, அங்கிருந்து குழாய்க்கு. சித்திரை வெயிலில் விழுப்புரத்து மாடித் தொட்டித் தண்ணீர் தானாகவே சுடும். அந்த இளஞ்சூட்டில் தேங்கிக் கிடக்கிற நீர்தான் லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமிக்குப் பிடித்த இடம். 2014-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வீட்டில் கிணற்று நீர் நிரப்பி இரண்டு வாரம் சூடாகவே வைத்திருந்த தொட்டியில் பிறந்த குழந்தை இந்தக் கிருமியால் இறந்தது. அதே ஆண்டு இங்கிலாந்திலும் ஒரு குழந்தைக்கு இந்த நோய் வர, முன்கூட்டியே நிரப்பிச் சூடாக்கி வைக்கும் தொட்டிகளை வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று அரசு எச்சரித்தது.

குழந்தையை அவசரமாக மேலே தூக்கும்போது தொப்புள்கொடி அறுந்துபோகிற ஆபத்தும் உண்டு. பழகிய கைக்குக் கவ்வி போடத் தெரியும். இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது ரத்தம். பிரசவத்துக்குப் பிறகு தாய் இறப்பதற்கு முதல் காரணம் ரத்தப்போக்கு. மேசையில் கிடக்கிற பெண்ணின் ரத்தப்போக்கைத் துணியிலும் தட்டிலும் அளந்துவிடலாம். 600 லிட்டர் தண்ணீரில் கால் லிட்டரும் சிவப்பாகத்தான் தெரியும், ஒரு லிட்டரும் சிவப்பாகத்தான் தெரியும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. வேறொரு நாட்டுப் பெண் தாங்கிக்கொள்கிற இழப்பை நம் பெண் தாங்கமாட்டாள். அதனால்தான் நஞ்சுக்கொடி விழுவதற்குள் தாயைத் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும் என்கிறார்கள்.

கற்பனையாகப் பயமுறுத்தவில்லை. 2018 ஜனவரியில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் மஞ்சேரியில், இயற்கை வைத்தியம் என்ற பெயரில் நடந்த நீர்ப் பிரசவத்துக்குப் பின் ஒரு தாய் ரத்தப்போக்கில் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டில் நடந்த பிரசவத்தில் ஒரு பள்ளி ஆசிரியை இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. திருப்பூரில் தொட்டி கிடையாது. ஆனால் இரண்டு இடத்திலும் இல்லாமல் போனது ஒன்றேதான். ரத்தம் நிற்காதபோது ஊசி போடவும், ரத்தம் ஏற்றவும், கருப்பையைப் பார்க்கவும் தெரிந்தவர்களும் அதற்கான வசதியும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

நம் ஊருக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே முண்டியம்பாக்கத்தில் 2010-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே முடியாவிட்டால் முண்டியம்பாக்கமோ புதுச்சேரி ஜிப்மரோ 108-க்கு எட்டாத தூரமல்ல. அந்தப் பிரசவ அறைகள் மேசைப் பிரசவத்துக்காகக் கட்டப்பட்டவை. ஒரே நேரத்தில் பல தாய்மாரைப் பார்த்துக்கொள்கிற செவிலியரிடம் தொட்டிப் பிரசவம் கேட்பது நியாயமாகாது. தனியார் மருத்துவமனை எதுவும் அதற்கு விளம்பரம் செய்தால், தொட்டியின் படத்தைப் பார்க்காமல் ஆளைப் பற்றிக் கேளுங்கள்: கடைசிவரை கூட இருக்கப்போவது யார், அவர் இதுவரை எத்தனை நீர்ப் பிரசவம் பார்த்திருக்கிறார், குழந்தை மருத்துவரும் ஆபரேஷன் அறையும் ரத்தமும் அதே கட்டடத்தில் இருக்கின்றனவா. ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை, இரட்டைப் பிள்ளை, கால் முந்திய பிள்ளை, முந்தைய சிசேரியன், 37 வாரம் நிரம்பாமல் வந்த வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாக வந்தாலும், காய்ச்சல் கண்டாலும் அப்படித்தான்.

மருத்துவச்சிகளை முறையாக உருவாக்க மத்திய அரசு 2018 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. செவிலியர்களுக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி. நம் மாவட்டத்துப் பிரசவ அறைகளில் அப்படிப்பட்டவர்கள் போதுமான எண்ணிக்கையில் வந்து நிற்கும் நாளில் தொட்டியைப் பற்றி மறுபடியும் பேசலாம். அதற்கு முன்னால் பேசுவது கூரை இல்லாத வீட்டுக்கு ஏசி வாங்குவது போலத்தான்.

தொட்டி தருகிற சுகத்தில் பெரும்பகுதியைத் தொட்டியில்லாமலே பெறலாம் என்பதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகள் சொல்வது இதைத்தான்: பெண்ணுக்கு விருப்பமான ஒரு துணை கூடவே இருக்கட்டும்; அவள் எழுந்து நடக்கட்டும்; வசதியான நிலையைத் தானே தேர்ந்துகொள்ளட்டும்; இடுப்பைப் பிடித்துவிடுவதும் சூட்டு ஒத்தடமும் வலியைத் தணிக்கும். அம்மாவோ மாமியாரோ பிரசவ அறையில் துணை இருக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன. பாட்டி ஊற்றிய வெந்நீருக்கும் இதில் இடமுண்டு. ஆனால் வலி ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்த பிறகு வெந்நீரை நம்பி வீட்டிலேயே நேரம் கடத்தக் கூடாது. பனிக்குடம் உடைந்துவிட்டால் வெந்நீருக்குக் காத்திராமல் கிளம்பிவிட வேண்டும்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது தாய்சேய் நல அட்டையோடு மூன்று கேள்விகளையும் எடுத்துப் போங்கள். வலி நேரத்தில் என்னோடு யார் இருக்கலாம்? நான் நடக்கலாமா? வெந்நீரில் குளிக்கலாமா? தயங்காமல், டாக்டரிடமே கேளுங்கள்.