முப்பது கிராமுக்குக் கீழே மூடுமந்திரம்

விழுப்புரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பேன்சி ஸ்டோர்களிலும் சரி, திண்டிவனம் கடைத்தெருவிலும் சரி, வாசலிலேயே சரம் சரமாகத் தொங்குபவை சின்னப் பாக்கெட்டுகள்தான். ஷாம்பு, ஃபேஸ்வாஷ், முகத்துக்குப் போடும் கிரீம் எல்லாம் அதில் உண்டு. பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் சுண்டுவிரல் அளவு டியூப்கள். பெரிய பாட்டில் வாங்கக் கணக்குப் பார்க்கும் கல்லூரிப் பெண்ணும், வேலை முடிந்து பஸ் ஏறப்போகும் பையனும் இவற்றில் ஒன்றைத்தான் வாங்கிப் போகிறார்கள். வாங்கும்போது விலையைப் பார்ப்பார்கள். விவரமானவர்கள் காலாவதித் தேதியையும் பார்ப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பவர் அபூர்வம். பார்க்க நினைத்தாலும் எல்லாப் பாக்கெட்டிலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது!

இது ஏதோ கம்பெனிகளின் திருட்டு வேலை என்று நினைத்தால் தவறு. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மத்திய அரசின் 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி ஒவ்வொரு கிரீமிலும் மூலப்பொருட்களின் பட்டியல் அச்சிடப்பட வேண்டும். ஆனால் கூடவே ஒரு விலக்கும் இருக்கிறது. திரவம் என்றால் 60 மி.லி.க்குக் குறைவாகவும், கிரீம் போன்றவை என்றால் 30 கிராமுக்குக் குறைவாகவும் இருந்தால் பட்டியல் தேவையில்லை. சில கம்பெனிகள் தாங்களாகவே அச்சிடுகின்றன. அச்சிடாவிட்டாலும் யாரும் கேட்க முடியாது.

அதாவது பெரிய பாட்டில் வாங்குகிறவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. பாக்கெட் வாங்குகிறவருக்கு இல்லை. இது என்ன நியாயம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாக்கெட் வியாபாரம் இதே மண்ணில் வளர்ந்தது. ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அப்போது கடலூர், விழுப்புரம், திண்டிவனம் எல்லாமே ஒரே தென்னாற்காடு மாவட்டம். 1993-ல்தான் அது இரண்டாகப் பிரிந்தது. பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த ஷாம்பு கூலித் தொழிலாளியின் வீட்டுக்கும் வந்தது பாக்கெட்டால்தான். அது நல்ல விஷயம், மறுக்க முடியாது. ஆனால் பொருள் வந்த வேகத்தில் அதைப் பற்றிய விவரம் வரவில்லை.

சரி, அந்தப் பட்டியலில் அப்படி என்னதான் இருக்கிறது? படிக்கத் தெரிந்தால் நிறைய இருக்கிறது.

முதல் விஷயம் வரிசை. அதிகம் இருப்பது முதலில், குறைவானது பின்னால். பெரும்பாலான கிரீம், லோஷன்களில் முதலிடம் தண்ணீருக்கு. அதைத்தான் 'அக்வா' என்று எழுதுகிறார்கள். அடுத்து கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், மினரல் ஆயில் போன்றவை வரும். விலையில் பெரிய வித்தியாசம் உள்ள இரண்டு கிரீம்களை அருகருகே வைத்து முதல் ஐந்து பெயர்களை ஒப்பிட்டாலே, அந்த வித்தியாசம் பொருளுக்கா, டப்பாவுக்கா, விளம்பரத்துக்கா என்று ஓரளவு புரிந்துவிடும்.

இரண்டாவது, ஒரு சதவீதக் கோடு. ஒரு சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ள பொருட்களைப் பட்டியலின் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். அந்தக் கோடு எங்கே தொடங்குகிறது என்று கம்பெனி சொல்லாது. ஆனால் ஃபீனாக்ஸி எத்தனால் என்ற பெயரைத் தேடலாம். கிரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது. பொதுவாக ஒரு சதவீதத்துக்கு மேல் போடமாட்டார்கள். அப்படியானால் அதற்குப் பின்னால் வரும் எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. அட்டையின் முன்பக்கம் முழுக்கப் பூத்திருக்கும் குங்குமப்பூ, பட்டியலில் அதற்கும் பின்னால் ஒளிந்திருந்தால் அளவு என்னவென்று யூகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் கொஞ்சம் இருந்தாலே வேலை செய்யும் பொருட்களும் உண்டு. எனவே கடைசியில் இருப்பதெல்லாம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது.

மூன்றாவது, பெயர்கள். 'குர்குமா லாங்கா' என்று படித்தால் ஏதோ வெளிநாட்டு மூலிகை போலத் தோன்றும். அது மஞ்சள். 'கோகோஸ் நியூசிஃபெரா' தேங்காய். 'அராக்கிஸ் ஹைப்போஜியா' வேறொன்றுமில்லை, திண்டிவனம் பக்கத்து வயல்களில் விளையும் மணிலாக் கொட்டைதான்! 'நியாசினமைடு' என்பது வைட்டமின் பி3. 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல வாசனைப் பொருட்கள் அடங்கியிருக்கும். சிலருக்குத் தோலில் அரிப்பு வருவதற்கு அவை காரணமாக இருக்கலாம்.

சோப்பில் ஒப்பிடுவது இன்னும் சுலபம். டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்பின் அளவு அது. குளியல் சோப்பில் முதல் தரத்துக்குக் குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. 'பேத்திங் பார்' என்று போட்டிருந்தால் 40 சதவீதமே போதும். ஒரே அலமாரியில் ஒரே மாதிரி உறையில் இரண்டும் இருக்கும். திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

இதெல்லாம் தெரியாவிட்டால் என்ன, கொஞ்சம் காசுதானே நஷ்டம் என்று கேட்கலாம். காசு மட்டும் போனால் பரவாயில்லை.

2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், அவர்களில் பலர் சிவப்பழகு கிரீம் பூசி வந்ததைக் கண்டுபிடித்தார்கள். காரணம் கிரீமில் இருந்த பாதரசம். முகத்தில் பூசியது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது. இந்தியாவில் கிரீம்களில் பாதரசம் சேர்க்கக் கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது விதி.

இன்னொரு ஆபத்து மெடிக்கல் ஷாப்பிலிருந்து வருகிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்புகளை, சீக்கிரம் வெளுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி முகத்தில் பூசுகிறவர்கள் உண்டு. முதலில் பளபளவென்று இருக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். அதனால்தான் 2018-ல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. உத்தரவு ஒருபுறம் இருக்க, வாங்குகிறவர் டியூபைத் திருப்பிப் படித்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பதினைந்து கிராம் மருந்துக் களிம்பில் என்னென்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று தெளிவாக அச்சிட்டிருப்பார்கள். அது மருந்து, சட்டம் கேட்கிறது, அதனால் இடம் கிடைக்கிறது. அதே அளவு அழகு கிரீம் டியூபில் மட்டும் இடமில்லையாம்! நடிகையின் முகத்துக்கு இடம் இருக்கிறது, குங்குமப்பூவுக்கு இடம் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லையா? பாக்கெட்டில் உண்மையிலேயே இடம் போதாது என்றால் சரத்தின் தலைப்பு அட்டையில் போடலாம், செல்போனில் படிக்கும் கட்டக் குறியீடாகப் போடலாம். வழியா இல்லை?

பாதரசம் கலக்கிறவன் அதைப் பட்டியலில் எழுதவா போகிறான் என்று சிலர் கேட்பார்கள். எழுதமாட்டான்தான். ஆனால் எல்லாச் சின்ன டியூபிலும் பட்டியல் கட்டாயம் என்றால், பட்டியலே இல்லாத டியூப் கடையில் தனியாகத் தெரியும். அதுவே ஒரு எச்சரிக்கை. இன்றைக்கு நல்ல டியூபிலும் பட்டியல் இல்லாமல் இருக்கலாம், கெட்ட டியூபிலும் இல்லாமல் இருக்கலாம். வாங்குகிறவர் எதை வைத்துப் பிரித்தறிவார்?

படிக்கிறவர்களே இல்லையே என்பது இன்னொரு வாதம். காலாவதித் தேதியையும் ஒரு காலத்தில் யாரும் பார்த்ததில்லை. அச்சிட ஆரம்பித்த பிறகுதான் பார்க்கும் பழக்கம் வந்தது. பட்டியலைத் தமிழிலும் போட்டால் அதுவும் பழக்கமாகும்.

ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. 2020-ல் அதன் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தபோது நாடு முழுக்க அதைப் பற்றிப் பேச்சு. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் முகத்தில் பூசுவது டப்பாவின் முன்பக்கத்தில் உள்ள பெயரை அல்ல, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ளதை.

சட்டம் மாறும்வரை செய்யக்கூடியது ஒன்றுதான். பாக்கெட் வாங்கும் முன் அதே கிரீமின் பெரிய டப்பாவைக் கடைக்காரரிடம் வாங்கிப் படித்துப் பார்க்கலாம். முகத்தில் ஏற்கெனவே எரிச்சலோ சிவப்போ இருந்தால் கடைக்காரரிடம் யோசனை கேட்காமல், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டலாம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. பஸ் செலவு ஒரு டியூப் கிரீமின் விலையைவிட அதிகமாக இருக்காது.