எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுதல்

ஏசாயா ஆறாம் அதிகாரத்தை வைத்துச் செய்யப்படும் பிரசங்கங்கள் பெரும்பாலும் எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகின்றன. உசியா ராஜா மரித்த வருடம் (ஏறக்குறைய கி.மு. 740), ஆறு சிறகுள்ள சேராபீன்கள், உதட்டைத் தொடும் நெருப்புத்தழல், யாரை அனுப்புவது என்று கேட்கும் குரல், தன்னை அனுப்பும்படி சொல்லும் மனிதன். ஊழியத்துக்கு ஆள் சேர்க்க இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காதுதான். ஆனால் அந்த மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை ஒன்பதாம் வசனத்தில்தான் தொடங்குகிறது.

விசித்திரமான வேலை அது. மக்கள் கேட்டும் உணராதபடி, கண்டும் அறியாதபடி அவர்கள் இருதயத்தை மழுங்கச் செய்ய வேண்டும். உணர்ந்தால் மனந்திரும்பிக் குணமாகிவிடுவார்களாம். எவ்வளவு காலத்துக்கு என்று தீர்க்கதரிசி கேட்கிறார். ஊர்கள் பாழாகும் வரை என்பது பதில். கடைசியில் வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டை மிஞ்சுகிறது, அதற்குள் ஒரு வித்து.

இந்தக் கடுமை பழங்காலத்தவரையே கூச வைத்திருக்க வேண்டும். கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் எபிரெயத்தின் ஏவல் வினையை மாற்றி, மக்களின் இருதயம் ஏற்கெனவே மழுங்கிவிட்டது என்று எழுதினார்கள். மத்தேயுவும் அப்போஸ்தலர் நடபடிகளும் எடுத்தாள்வது இந்த மென்மையான வடிவத்தையே. யோவானில் அந்த மென்மை இல்லை. கண்களைக் குருடாக்கியவர் கடவுள்தான்.

நான்கு சுவிசேஷங்களிலும் இந்த வசனத்தின் எதிரொலி உண்டு. இயேசுவைச் சொந்த ஜனம் ஏன் ஏற்கவில்லை என்ற காயத்துக்கு ஆதிச் சபை தேடிக்கொண்ட மருந்து அது. அப்போது அது யூதர்களுக்குள் நடந்த வழக்கு. சபை யூதரல்லாதோர் கைக்கு வந்தபின் அதே சொற்கள் பிறர்மீது தீர்ப்பாக மாறின. 13ஆம் நூற்றாண்டில் ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தில் யூத மதத்தைக் கண் கட்டப்பட்ட பெண்ணாகவே செதுக்கி வைத்தார்கள். யூதர்களைக் கடவுளால் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965இல்தான்.

ஏசாயா இப்படி ஒதுங்கி நின்று பேசவில்லை. தானே அசுத்த உதடுள்ளவன், அத்தகைய மக்கள் நடுவே வாழ்பவன் என்ற அலறல்தான் அவருடைய முதல் பேச்சு. தழல் பட்டது அவர் வாயில். இந்த அதிகாரத்தைச் சொந்தம் கொண்டாடும் கிறிஸ்தவர் அந்தக் கேளாத செவியையும் தம்முடையதாகக் கொள்வதே நேர்மை என்பது என் எண்ணம். தலைகளை எண்ணி ஊழியத்தை அளக்கும் சபைகளுக்கு இது உவப்பாக இராது.

அடுத்த அத்தியாயத்திலேயே ஆகாஸ் ராஜா அவர் பேச்சைத் தட்டிவிடுகிறான். அதற்கடுத்ததில் தீர்க்கதரிசி தம் சாட்சியைக் கட்டி முத்திரையிட்டுச் சீஷர்களிடம் விட்டுவிட்டு, முகத்தை மறைத்துக்கொண்ட ஆண்டவருக்காகக் காத்திருக்கிறார்.