ஓரியூர் மணலும் சாதிச் சான்றிதழும்

ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று கத்தோலிக்கக் குரு அருளானந்தர் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் சிந்திய ரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் நம்பும் மணலை இன்றும் பக்தர்கள் முடிந்து எடுத்துப்போகிறார்கள். நம்பியதை வெளிப்படையாகச் சொல்லி உயிரைக் கொடுத்தவர் போற்றப்பட வேண்டியவர்தான். ஆனால், பாக் நீரிணையின் இரு கரைகளிலும் நம்பியதை நெஞ்சுக்குள் பூட்டிவைத்து வாழ்ந்தவர்களும் உண்டு. அவர்களைக் கோழைகள், ஏமாற்றுக்காரர்கள் என்று ஏசுவது எளிது. அவர்களை மறைக்கவைத்தது எது என்று கேட்பதே நியாயம்.

தனுஷ்கோடிக்கு எதிரே உள்ள மன்னாரும் அதற்கு வடக்கே யாழ்ப்பாணமும் 1658-ல் டச்சுக்காரர் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றமானது. அரசு உத்தியோகத்துக்கு டச்சுத் திருச்சபையில் சேர வேண்டும். திருமணம் செல்லுபடியாகவும் சொத்து பிள்ளைகளுக்குச் சேரவும் அதன் பதிவேடான தோம்பில் பெயர் ஏற வேண்டும். மக்கள் பெயரைக் கொடுத்தார்கள், மனத்தைக் கொடுக்கவில்லை. 1687-ல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த கோவாக் குரு யோசேப் வாஸால் மறைவாகத்தான் பூசை செய்ய முடிந்தது. சைவர்கள் விரதச் சோறு உண்ட வாழையிலையைக் கூரையில் செருகி மறைத்தார்கள் என்பது அந்நியர் ஆட்சிக் காலம் பற்றி யாழ்ப்பாணத்தில் வழங்கிவரும் செய்தி. 1796-ல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியதும், தோம்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய வழிபாட்டுக்கே திரும்பினார்கள். பிழைப்பையும் சொத்தையும் மதத்தோடு முடிந்துவிட்டால் பதிவேடு நிரம்பும், நம்பிக்கை வளராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் காலத்தின் தோம்பு சாதிச் சான்றிதழ். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டியது. சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. பழங்குடியினருக்கோ மதம் தடையே இல்லை. ஆகவே, ஞாயிறுதோறும் ஆலயம் செல்லும் ஒரு தலித் இளைஞர், வட்டாட்சியர் அலுவலகப் படிவத்தில் வேறு மதத்தை எழுத வேண்டியிருக்கிறது. உண்மையை எழுதினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கைநழுவும்.

இது மோசடி அல்லவா என்று கேட்பார்கள். புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், உண்மையான நம்பிக்கை இன்றி இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கூறியது. இன்றைய ஆணையின்படி அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆணை சரிதானா என்பதே என் கேள்வி. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே என்ற வாதம் கொள்கையளவில் அழகானது. ஆனால், திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பிய சுவர் வேறு கதை சொல்கிறது. ஞானஸ்நானத்துக்குப் பிறகும் சாதி தொடர்கிறது என்றால், பாதுகாப்பு மட்டும் ஏன் அறுபட வேண்டும்? பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் இருக்கிறதே என்றால், அது தீண்டாமைக்கு மாற்று மருந்தாகாது. துணிவிருந்தால் உண்மையைச் சொல்லட்டுமே என்பவர்கள், அருளானந்தர் குடும்பம் துறந்தவர் என்பதை எண்ண வேண்டும். மகளின் கல்லூரி இடத்தைப் பணயம் வைக்கும் தகப்பனிடம் தியாகியின் துணிவைக் கோருவது அரசுக்கும் அழகல்ல, ஊருக்கும் அழகல்ல.

தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிகளில் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு அதை ஏற்க வேண்டும். தலித் முஸ்லிம்களுக்கும் அதே நீதி வேண்டும். சாதிக்குச் சாதியே அளவுகோலாகட்டும். வழிபாட்டை எந்தப் படிவமும் விசாரிக்காத நாளில், ஒளிப்பதற்கு யாரிடமும் எதுவும் இருக்காது.